வெந்நீர் மட்டும் போதும்

‘இல்லை’ என்பதை ‘இல்லை’ என்று சொன்னால்தான் இசாகுவுக்கு விளங்கும். கியோத்தோவில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. அவனை அங்கே சரக்கு விற்க அனுப்பியதே தப்பு. போகிறேன் என்று முன்வந்த ஆள் வேறு இல்லை என்பதுதான் உண்மை.

நாற்பத்தாறு வயது. பிறந்தது தெற்கே ககோஷிமாவில். எரிமலைச் சாம்பல் துணி காயப்போடவிடாத ஊர். அங்கே ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். போர் முடிந்து, சைபீரியாவில் மூன்று குளிர்காலம் மரம் வெட்டிவிட்டு ஊர் திரும்பியபோது வீட்டில் யாரும் மிச்சமில்லை. ஓசாகாவுக்கு வந்து பதினோரு வேலை பார்த்தான். எதிலும் ஒட்டவில்லை. ஒன்றிரண்டில் அவன் வாய் காரணம். மற்றதில் அவன் பார்க்கும் பார்வை பிடிக்கவில்லை என்றார்கள். பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தது முனெகிச்சியின் கொட்டகை.

முனெகிச்சி முன்பு தெம்புரா வண்டி வைத்திருந்தவர். இறாலையும் கத்தரிக்காயையும் மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தவர், இறாலை விட்டுவிட்டு நூடுல்ஸைப் பொரிக்க ஆரம்பித்திருந்தார். வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை. அதன் கீழே ஒரு பெரிய எண்ணெய்ச் சட்டி, ஆவிப்பெட்டி, நூலைப் பொரிக்குமுன் நனைக்கும் கோழிச் சாற்றுத் தொட்டி, ஐந்து ஆட்கள். மாவு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அரசாங்கம் அதை ரொட்டி சுட்டுத் தின்னச் சொன்னது. ஜனம் அதை இழுத்து நூலாக்கிச் சூப்பில் போட்டுத் தின்றது.

போன வருஷம் ஒரு கம்பெனி, கொதிநீர் ஊற்றினாலே வெந்துவிடும் ராமென் நூடுல்ஸைக் கடையில் வைத்தது. மந்திர ராமென் என்று ஊர் பேசியது. இந்த வருஷம் ஓசாகாவில் தெருவுக்கொரு கொட்டகையில் எவனாவது நூடுல்ஸைப் பொரித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் தாங்கள்தான் முதல் ஆள் என்று சத்தியம் செய்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று இசாகுவும் கேட்டான்.

“முதலாளி, இது நீங்க கண்டுபிடிச்சதா?”

“நானா? நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்றவன் இந்த ஊர்ல நாப்பது பேர் இருக்கான். நாப்பத்தொண்ணாவது ஆளாச் சேர எனக்கு ஆசை இல்ல. கண்டுபிடிச்சது எண்ணெய்தான்.”

“எண்ணெயா?”

“மாவுக்குள்ள இருக்கற தண்ணிக்கு எண்ணெயக் கண்டா பயம். கூடையச் சட்டியில இறக்கினதும் விழுந்தடிச்சு ஓடிடும். ஓடுன வழியெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. அப்புறம் எவனாவது வெந்நீர ஊத்துனா, அந்த ஓட்டை வழியாத் தண்ணி மறுபடி வீட்டுக்குள்ள போயிடும். இவ்வளவுதான் வித்தை. தெம்புரா போடறவன் எவனுக்கும் இது தெரியும். தெரிஞ்சும் பத்து வருஷமா ஒருத்தனுக்கும் மண்டையில ஏறல. என் மண்டையும் அதுல சேத்தி.”

இசாகுவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. தன் மண்டையைத் தானே திட்டிக்கொள்ளும் முதலாளியை அவன் அதுவரை பார்த்ததில்லை.

கொட்டகையிலேயே மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கூடையிலிருந்து எடுக்கும்போது உடைந்துபோகும் நூடுல்ஸ் கட்டிகளை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். தினமும் சாயங்காலம் அவன் இரண்டு உடைசலைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றித் தட்டால் மூடுவான். மூன்று நிமிஷம். அவனுக்கு அடுப்பு கிடையாது. பாத்திரம் கிடையாது, பெண்டாட்டி கிடையாது. ஆனாலும் தினம் ஒருவேளை சூடான சாப்பாடு கிடைத்தது. சைபீரியாவில் பக்கத்துப் பலகையில் படுத்திருந்தவன் சாகும்வரைக்கும் கேட்டது ஒரு கிண்ணம் சூடான ஏதாவதுதான். அங்கே வெந்நீர் இருந்தது. போட்டு ஊற்ற ஒன்றுமில்லை. இசாகு இதை யாரிடமும் சொல்லவில்லை. சட்டியைத் தேய்க்கச் சொன்னால் மற்றவர்களைவிட நன்றாகத் தேய்த்தான், அவ்வளவுதான்.

அந்தச் சட்டியைத்தான் முனெகிச்சி இப்போது விற்கப் பார்த்தார்.

ஓசாகாவின் மொத்தக் கடைகளில் நாற்பது கொட்டகைச் சரக்கும் குவிந்து கிடந்தது. நாற்பத்தொன்றாவது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை சட்டியைத் தூக்கிக்கொண்டு போக வகாயாமாவிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. அதற்குள் ஒரு மொத்தக் கடையாவது ஆர்டர் தந்தால் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் முனெகிச்சி மச்சானின் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கப் போவார். இசாகு பதிமூன்றாவது வேலையைத் தேடுவான். அந்த வயதில் கிடைக்கும் பதிமூன்றாவது வேலை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“கியோத்தோவுல நெசவுத் தெரு இருக்கு முதலாளி. நிஷிஜின். பொம்பளைங்க தறியவிட்டு எந்திரிக்க நேரமில்லாமக் கெடக்காங்க. அங்க இது ஓடும்” என்று அவனாகத்தான் சொன்னான்.

“கியோத்தோவா? அங்க நீயா?” முனெகிச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, போ. கெட்டுப்போக நம்மகிட்ட இனிமே என்ன இருக்கு.”

நெசவுத் தெருவில் உலர்சரக்கு மொத்தக் கடை ஒன்று இருந்தது. கடற்பாசி, காளான், கருவாட்டுச் சீவல். அந்த வட்டாரத்தின் நாற்பது வீட்டுச் சமையல் அந்தக் கடையிலிருந்துதான் நடந்தது. முதல் தடவை போனபோது கடைக்காரர் இருந்தார். மெலிந்த மனிதர். இசாகு பேசியதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். மாதிரிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப அருமையான சரக்கு. யோசிச்சுப் பாக்கறோம்” என்றார்.

இசாகு ரயிலில் விசிலடித்துக்கொண்டே திரும்பினான்.

“யோசிக்கறாங்க முதலாளி!”

“என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லு.”

“‘அருமையான சரக்கு, யோசிச்சுப் பாக்கறோம்.’”

முனெகிச்சி பெருமூச்சு விட்டார். “முடிஞ்சுது போ.”

“யோசிக்கறோம்னாங்களே?”

“அட தெற்கத்தியானே! அந்த ஊர்ல ‘யோசிக்கறோம்’னா யோசிக்க மாட்டாங்க. ‘அருமை’ன்னா இன்னும் மோசம்.”

இசாகு நம்பவில்லை. மனிதன் யோசிப்பதாகச் சொன்னால் யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். பத்து நாள் கொடுத்தான். இரண்டாம் தடவை போனபோது கடைக்காரர் இல்லை. பெரிய கணக்கப்பிள்ளை கிஸுகேதான் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, பீப்பாய் மாதிரி உடம்பு, மோவாயில்லாத முகம். அரைமணி நேரம் பேசினான். கிளம்பும்போது வாசலில் ஒரு துடைப்பம் தலைகீழாக, பூப்பகுதி மேலே இருக்கும்படி சாத்தியிருந்தது. யாரோ கவனமில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். அதை எடுத்து நேராக நிறுத்தி வைத்துவிட்டு, கிஸுகேயைப் பார்த்துப் பெரிதாகக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

இதையும் முனெகிச்சியிடம் சொன்னான். அவர் சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கரண்டி கை தவறியது. “விருந்தாளி கிளம்பித் தொலையட்டும்னு துடைப்பத்தத் தலைகீழா வெப்பாங்கடா! நீ அத நேரா வெச்சுட்டு வந்தியா?” சிரித்து முடித்தபின் அவர் முகம் தொங்கிவிட்டது. “இனி போகாத இசாகு. விட்டுடு. அவங்க மரியாதையாச் சொல்லிட்டாங்க. நமக்குத்தான் காது இல்ல.”

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது; வியாழக்கிழமை மாவு தீர்ந்துகொண்டிருந்தது. இசாகு சொல்லாமல் ரயில் ஏறினான்.

மத்தியானம் மூன்றரை மணி. நெசவுத் தெருவின் எல்லா ஜன்னல்களுக்குப் பின்னாலும் தறிச் சத்தம். காலையில் உடைசல் தின்றதோடு சரி, அவன் வேறு எதுவும் சாப்பிடவில்லை. கடைக்குள் நுழைந்ததும் கிஸுகே கடற்பாசிக் கட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து, அவனைப் பார்த்து, பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

“அட, ஓசாகாக்காரர். இவ்வளவு தூரம் மறுபடியுமா. கால் வலிக்கலையா?”

“வலிக்கலைங்க. என் காலு நல்ல காலு.”

“அது தெரியுது” என்றார் கிஸுகே.

உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி தாஸு வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. சாம்பல் நிறக் கிமோனோ, ஒரு முடிகூடக் கலையாத கொண்டை. கணவர் கோயில் சங்கக் கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். இசாகு அதனால் என்ன என்பதுபோல மூட்டையை அவிழ்த்துப் பேச ஆரம்பித்தான். தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், மூன்று நிமிஷம், ஒரு கிண்ணம், ஒரு மூடி. எல்லாவற்றையும் சொன்னான். சட்டி விற்பனைக்கு வந்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

தாஸு குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

“உங்க குரல் எவ்வளவு கணீர்னு இருக்கு. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.”

“எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தாம்மா! அம்மாவுக்குப் பிடிச்சதுல சந்தோஷம்.”

கிஸுகே கடற்பாசிக்குள் தலையை விட்டுக்கொண்டார். தாஸுவின் முகம் மாறவில்லை. இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, லேசாகத் தலை சாய்த்து, அவள் குடும்பம் அந்தத் தெருவில் நூறு வருஷமாகச் சொல்லிவரும் வாக்கியத்தைச் சொன்னாள்:

“இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஒரு வாய் தேநீர்ச் சோறாவது சாப்பிட்டுட்டுப் போகலாமே?”

ஆறின சோற்றில் சூடான தேநீர் ஊற்றி, ஊறுகாயோடு கொடுப்பது. வீட்டில் இருப்பதிலேயே எளிய சாப்பாடு.

இசாகுவுக்கு அது முன்பே கேட்ட பேச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சைபீரியாவிலிருந்து வந்த கப்பல் கியோத்தோவுக்கு வடக்கே மாய்ஸுரு துறைமுகத்தில் நின்றது. பலகைப் பாலத்தில் இறங்கினான். அந்தப் பக்கத்துப் பெண்கள், முன்பின் தெரியாதவர்கள், அடுப்புமாய்க் கெண்டியுமாய் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி அவனைத் தடுத்து நிறுத்தி, “இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். வேகவைத்த வள்ளிக்கிழங்கும் தேநீரும். அவள் முகம் மறந்துவிட்டது. அந்தப் பேச்சின் இழுப்பு மறக்கவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் சாப்பிடச் சொன்னால் மறுக்கக்கூடாது என்று அன்றைக்கு அவன் முடிவு செய்திருந்தான். அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

“சாப்பிடறேம்மா. ரொம்ப நன்றி” என்றான்.

கடையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. இசாகு காலணியைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு, படியேறிக் கோரைப்பாய் விரித்த அறைக்குள் போய் உட்கார்ந்தான். சரக்கு விற்க வந்த ஒருவனும் அந்தப் படிக்கு மேலே ஏறியதில்லை. இடது காலுறையின் ஓட்டையில் அவன் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அதைக் காலுக்கடியில் மறைத்துக்கொண்டு காத்திருந்தான்.

தாஸு உள்ளே போனாள். கிஸுகே பின்னாலேயே போனார். காகிதக் கதவு சாத்தப்பட்டது. காகிதக் கதவு ஆளைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது.

“என்னம்மா சொன்னான்?”

“சாப்பிடறேன்னுட்டாரு.”

“யாராவது சாப்பிடறேம்பாங்களா?”

“சொல்லிட்டாரே கிஸுகே!”

“கிளம்புங்கன்னு சொன்னா கிளம்பணும். இது என்ன அநியாயம்! துடைப்பத்தையே நேரா வெச்சுட்டுப் போன ஆளும்மா இவன்.”

“சோறு இருக்கா பாரு.”

“மத்தியானமே தீந்துபோச்சு. பாத்திரம் கழுவிக் கவுத்தாச்சு. சாயங்காலத்துக்கு அரிசி இப்பத்தான் ஊறுது.”

“பக்கத்து வீட்டுல ஒரு கிண்ணம்—”

“அவங்ககிட்டயா? நம்ம வீட்டுல விருந்தாளிக்குச் சோறு இல்லைன்னு நாளைக்குத் தெரு முழுக்கத் தெரிஞ்சுடுமேம்மா.”

“அப்ப கோடி வீட்டுக்கு ஓடு. பின்வாசல் வழியாப் போ. துணிக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வா. ஓடு கிஸுகே!”

மரச்செருப்புச் சத்தம் தடதடவென்று கொல்லைப்பக்கம் போய் மறைந்தது.

இசாகு அசையாமல் உட்கார்ந்திருந்தான். மூன்று தடவை வந்ததில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன. அருமையான சரக்கு. யோசிக்கறோம். கணீர்க் குரல். துடைப்பம். முகம் காதுவரை சூடானது. எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. அப்படி ஓடினால், ஒரு கிண்ணம் சோற்றுக்காக ஒரு கிழட்டுப் பீப்பாயைத் தெருவில் ஓடவிட்டு, அந்த வீட்டம்மாளை வெறும் சட்டியோடு நிற்கவிட்டுவிட்டுப் போனதாக ஆகும். இங்கேயே உட்கார்ந்திருந்தாலும் அதேதான். ககோஷிமாவில் இதற்கெல்லாம் வழக்கமே கிடையாது.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. மூச்சு வாங்கும் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

“அங்கயும்... இல்லம்மா. அதுக்கு அடுத்த வீட்டுலயும்... இல்ல.”

“அவங்க வாசல்ல தினம் கேக்கறாங்களே, தேநீர்ச் சோறு சாப்பிடுங்கன்னு!”

“நாமளும்தானே கேக்கறோம்!”

தாஸு எதையோ தரையில் வைத்த மெல்லிய ஓசை மட்டும் வந்தது.

இசாகு எழுந்தான். துணி மூட்டையை எடுத்துக்கொண்டு காகிதக் கதவைத் தள்ளினான். மண்தரைச் சமையலறை. கிஸுகே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நீராவி இன்ஜின் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். தாஸு காலிச் சோற்றுவாளியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கலையாத கொண்டையில் ஒரே ஒரு முடி கலைந்திருந்தது. கரி அடுப்பின் மேல் இரும்புக் கெண்டி, தேநீருக்கு வைத்தது, முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக இசாகு மரியாதைக்காக ஒரு பொய் சொன்னான்.

“அம்மா, மன்னிக்கணும். சாப்பிடறேன்னு சொல்லிட்டேன், மறந்தே போயிட்டேன். எனக்குச் சோறு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

அவன் பொய் சொல்லிப் பழகாதவன். முகம் அப்படியே காட்டிக்கொடுத்தது. அப்படிப்பட்ட வாக்கியங்களையே தொழிலாக வைத்திருந்த தாஸு, அது என்ன, எதற்கு என்று கேட்ட கணத்திலேயே புரிந்துகொண்டாள். கிஸுகேயின் மூச்சுகூட ஒரு நொடி நின்றது.

“சோறு ஆகாதா?” என்றாள்.

“ஆகாதும்மா. எங்ககிட்ட நூடுல்ஸ் இருக்கு. விக்கறதுக்கு இல்ல, இது சாப்பிட. உங்க வெந்நீர் மட்டும் போதும்.”

தாஸு அவனை நிமிர்ந்து பார்த்தாள். கடைவாசலில் பார்த்ததுபோல் பார்க்கவில்லை.

“பசிக்குதா?” என்று கேட்டாள். வெறும் கேள்வி. அதற்குப் பின்னால் வேறொன்றும் இல்லை.

“ஆமா.”

“எனக்கும்தான். மத்தியானத்துலேருந்து நெசவு வீட்டு ஆளுங்க மாத்தி மாத்தி வந்துட்டே இருந்தாங்க. உக்காரவே முடியல. கிஸுகே, கிண்ணம் எடு. அது இல்ல, மூடி போட்டது. விருந்துக்கு வெக்கறது.”

மூன்று கிண்ணம் வந்தது. நீலக் கோடு போட்ட பீங்கான். இசாகு கிண்ணத்துக்கொரு கட்டியாகப் போட்டான். தண்ணீரை ஊற்றப் போனவனைத் தாஸு தடுத்தாள்.

“எங்க வீட்டுல விருந்தாளி ஊத்த மாட்டாங்க.”

அவள் முதுகு வளையாமல் நின்று ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மூடினார்கள்.

“இப்ப என்ன?”

“மூணு நிமிஷம் சும்மா இருக்கணும்மா.”

“சும்மாவா? நானா?” அவள் வெங்காயத்தாளை எடுத்து ஊசிபோல் நறுக்கத் தொடங்கினாள். கடைப்பக்கம் கை நீட்டி ஒரு பிடி கருவாட்டுச் சீவலும் எடுத்துக்கொண்டாள். “வெறும் கிண்ணத்தை ஆள் முன்னால வெச்சா என் மாமியார் கல்லறையிலேருந்து எந்திரிச்சு வருவா.”

கிஸுகே மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

“தொறக்காதீங்க!”

“உள்ள என்னமோ நடக்குது ஐயா.”

“அதுக்குத்தான் மூடறது.”

மூன்று நிமிஷமும் யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் முடியாது; கிண்ணம் மூடியிருந்தது. பக்கத்து வீட்டுத் தறி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அடுப்பிலிருந்த சாம்பல் லேசாகச் சரிந்தது.

தாஸு மூடியைத் திறந்து தூவ வேண்டியதைத் தூவினாள். அவனைப் பாய் விரித்த அறைக்குத் திரும்பிப் போய் உட்காரச் சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் எடுத்துவந்து, அவன் முன்னால் பாயில் வைத்தாள். குச்சிகளின் நுனி இடதுபுறம் பார்த்திருக்கும்படி நேர் செய்தாள். பிறகு தலை தாழ்த்தினாள்.

இசாகு அந்தச் சரக்கை ஏழு மாதமாகத் தின்றுவந்தவன். அவன் கையால் அமுக்கி, அவன் கையால் பொரித்தது. இதில் தாஸு செய்தது வெந்நீர் ஊற்றியதும் நாலு இலை தூவியதும்தான். இருந்தாலும் குச்சியை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு கிண்ணத்தை இன்னொரு ஆள் எடுத்துவந்து முன்னால் வைப்பது என்பது வேறு விஷயம். அது அவனுக்கு நடந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவன் அழவில்லை. மூக்கு ஒழுகியது. சூடான ராமெனுக்கு எல்லோருக்கும் ஒழுகும்.

மூன்று பேரும் உறிஞ்சினார்கள். அந்தச் சத்தத்தில் தறிச் சத்தம் கேட்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டாத குறையாகக் கீழே வைத்தான் இசாகு. கைகளைச் சேர்த்து, சாப்பிட்டு முடித்தால் எல்லோரும் சொல்வதைச் சொன்னான்:

“கொச்சிசோ-சமா.”

தினமும் சொல்லித் தேய்ந்த நன்றி. அதன் எழுத்துக்களைப் பிரித்தால் ‘ஓடினீர்களே’ என்று இருக்கும். சாப்பாட்டுக்காக ஓடி அலைந்து எல்லாம் சேர்த்தவருக்குச் சொல்வது.

“ஓடுனது நான்தான்” என்றார் கிஸுகே, இன்னும் சூப்பைக் குடித்துக்கொண்டே. “எனக்குச் சொல்லணும்.”

இசாகு அவர் பக்கம் திரும்பி, நெற்றி பாயில் படும்படி குனிந்து மறுபடி சொன்னான். கிஸுகே புரையேறி இருமினார். தாஸு கிமோனோவின் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“உப்பு ஜாஸ்தி.”

இசாகு நிமிர்ந்தான்.

“எண்ணெய் வாடையும் இருக்கு. நூல் நல்லாருக்கு. கோழிச் சாறும் பரவாயில்ல, ஆனா எங்க ஊர் நாக்குக்கு முரடு. எங்க வீட்டுக்காரர் யோசிக்கறேன்னு சொன்னாரே, அது யோசிக்கறதில்ல.”

“தெரியும்மா. இப்பத்தான் தெரிஞ்சுது.”

“கேட்டுதா, உள்ள பேசினது?”

அவனுக்கு இரண்டாவது பொய் வரவில்லை.

“சரி” என்றாள் தாஸு. திறந்திருந்த கதவு வழியே காலிச் சோற்றுவாளியைப் பார்த்தாள். “கிஸுகே, இந்தத் தெருவுல எத்தனை வீடு?”

“நாப்பத்திரெண்டும்மா.”

“நாப்பத்திரெண்டு வீட்டுலயும் வந்தவங்களச் சாப்பிடச் சொல்றோம். நம்மளச் சேத்து இன்னைக்கு எத்தனை வீட்டுல சோறு இருந்துது?”

“நான் கேட்ட வரைக்கும், ஒரு வீட்டுலயும் இல்ல.”

“இன்னொருத்தர் இவரை மாதிரி வந்து, சரின்னு சொல்லி உக்காந்துட்டா?”

கிஸுகே கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்படி யாரும் வர மாட்டாங்கம்மா.”

“இன்னைக்கு வந்தாரே.”

கிஸுகே இசாகுவைப் பார்த்தார். இசாகு கட்டைவிரலைக் காலுக்கடியில் மறைத்துக்கொண்டான்.

“வீட்டுக்கு ரெண்டு பொட்டலம் அலமாரியில இருந்தா, எந்தப் பொம்பளைக்கும் இன்னைக்கு நான் பட்டது வராது. அத நான் தைரியமாச் சொல்லி விப்பேன். தறியில இருக்கறவங்க தானா வாங்கிக்குவாங்க. அவங்ககிட்ட யாரும் பேசவே வேண்டாம், வாசனையே போதும்.” அவள் இசாகுவிடம் திரும்பினாள். “இருபது பெட்டி அனுப்புங்க. உப்பைக் குறைச்சு. அடுத்த வாரமே.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள் தாஸு. “யோசிச்சுப் பாருங்கன்னு சொல்வேன். நான் அப்படிச் சொன்னா அவருக்கு அர்த்தம் தெரியும்.”

காலணியை மாட்டிக்கொண்டு இசாகு நிமிர்ந்தான். அந்த ஊருக்கேற்ற வாக்கியம் எதுவும் அவனிடம் இல்லை. இருந்த ஒரே பொய்யையும் செலவழித்துவிட்டான்.

“அம்மா, பதினோரு வருஷத்துக்கு முன்னால மாய்ஸுருவுல ஒருத்தங்க எனக்குக் கிழங்கு குடுத்தாங்க. பேர் கேக்கல. அவங்களுக்கு நன்றி சொல்லவே இல்ல. வாய் நிறைய கிழங்கு இருந்துது.”

தாஸு கலைந்த முடியைக் கொண்டைக்குள் செருகினாள்.

“அந்தக் குளிர்ல எங்க மாதர் சங்கமும் ரெண்டு வண்டி நிறையப் போச்சு” என்றாள். “நான் போகல. எனக்கு அப்ப உடம்பு சரியில்ல.”

“பரவாயில்லம்மா.”

“பரவாயில்லாம என்ன. போயிருக்கணும்.” வாசல் மட்டும் வந்து, தெருமுனையில் அவன் மறையும்வரை குனிந்தே நின்றாள். கடைக்கு வரும் பெரிய வாடிக்கையாளர்களுக்குச் செய்வது அது. கிஸுகே பின்னாலிருந்து, மெதுவாகப் போங்கள் என்று உரக்கக் கத்தினார். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

கொட்டகையில் விளக்கேற்றும் நேரம். முனெகிச்சி மீதியிருந்த கடைசி மாவு மூட்டையைப் பிரிப்பதா, அப்படியே விற்றுவிடுவதா என்று அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கய்யா போன? கியோத்தோவுக்கா? போகாதன்னு சொன்னேன்ல?”

“போனேன் முதலாளி.”

“என்ன சொன்னாங்க?”

“உப்பு ஜாஸ்தின்னாங்க. எண்ணெய் வாடைன்னாங்க. நம்ம சாறு முரடாம். முதல் தடவை யோசிக்கறோம்னு சொன்னது பொய்யாம்.”

முனெகிச்சி மூட்டையிலிருந்து எழுந்தார். “கியோத்தோக்காரங்களா? நேராவா? உன் முகத்தப் பாத்தா?”

“முகத்தப் பாத்து.”

“அப்படின்னா...” அவர் குரல் இறங்கியது. “அப்படின்னா வாங்கறாங்களா?”

“இருபது பெட்டி.”

முனெகிச்சி தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு அதைத் திரும்பவும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூட்டையின் தையலைப் பிரித்தார்.

“உப்பு ஜாஸ்தியா?” என்றார் எரிச்சலோடு. “எவ்வளவு குறைக்கணுமாம்? கேட்டியா?”

இசாகு கேட்கவில்லை. அந்த அறையில் சாப்பிட்டதை நாக்கில் திரும்ப நினைத்துப் பார்த்தான். நாலு இலையும் ஒரு பிடி சீவலும் தூவியபிறகு இருந்த ருசிதான் நினைவுக்கு வந்தது.

“ஒரு கைப்பிடி” என்றான். “அவங்க கையால ஒரு பிடி. சின்னக் கை.”

முனெகிச்சி தன் அகலமான உள்ளங்கையைப் பார்த்தார். விரல்களைக் குவித்து, குவித்ததைக் கொஞ்சம் சுருக்கி, சாற்றுக்கு அளந்து வைத்திருந்த உப்பிலிருந்து ஒரு பிடியை எடுத்து வெளியே போட்டார். இசாகு அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தான்.